பெயிண்ட் அடிக்கும் முன்

விளாங்குடி வீட்டு ஹாலில் மார்பளவு உயரத்துக்குச் சுவரெங்கும் தேக்குப் பலகை அடித்திருந்தேன். பார்க்கிறவர்கள் வாயைப் பிளக்க வேண்டும் என்று செய்தது. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். கையில் கிடைத்ததை எறிவேன்: செம்பு, பூட்டு, இரும்பு ஸ்டூல். பெரும்பாலும் என் மனைவியைக் குறிவைத்துத்தான். அவள் விலகினால் பலகையில் போய் அடித்துப் பள்ளமாக்கும். விலக முடியாத நாட்களும் உண்டு.

மகளைப் பெண் பார்க்க ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள் என்றதும் அந்தப் பள்ளங்கள் என் கண்ணை உறுத்தத் தொடங்கின. அவள் கல்யாணத்தை முன்னே நின்று நடத்த வேண்டும். அப்பன் என்று நான் செய்யக்கூடிய உருப்படியான காரியம் அது ஒன்றுதான் மிச்சம். பலகை மேலேயே பெயிண்ட் அடிக்கச் சொன்னேன்.

பெயிண்டர் உப்புத்தாளால் தேய்த்து முடித்து, என் மனைவியிடம் ஒரு சாக்பீஸைக் கொடுத்தார்.

"அக்கா, பள்ளம் இருக்க எடத்துலயெல்லாம் வட்டம் போட்டு வைங்க. டீ குடிச்சிட்டு வந்து பட்டி வச்சு அடைச்சிருவோம்."

அவள் தேடவே இல்லை. நேராகப் போய்ப் போட்டாள். சோபாவை நகர்த்தி ஒன்று, டிவி மேசைக்குப் பின்னால் குனிந்து ஒன்று, கதவோரம் நான்கு. எனக்கு உடம்பு கூசியது. கூச்சம் என்னிடம் அதிக நேரம் தங்காது, கோபமாகிவிடும்.

"போதும்டி. இம்புட்டு எதுக்கு?" என்றேன்.

மகள் அம்மாவிடமிருந்து சாக்பீஸை வாங்கி, ஜன்னலுக்குக் கீழே இன்னொரு வட்டம் போட்டாள்.

"இது ஸ்டூலு. அம்மா மேல எறிஞ்சீங்க, நான் குறுக்க வந்துட்டேன். என்னய உரசிட்டுப் போயி இங்க அடிச்சுச்சு. நீங்க திரும்பிக்கூடப் பாக்காம பைக்க எடுத்துட்டுப் போயிட்டீங்க."

அவள் புருவத்தில் ஒரு தழும்பு உண்டு. ஐந்து வயதில் படியில் விழுந்தாள் என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். மனைவியைப் பார்த்தேன்.

"நாந்தான் அப்படிச் சொன்னேன். தெரிஞ்சா அதுக்கும் என்னயத்தான அடிப்பீங்க."

"ஞாயித்துக்கிழம நீங்க இருக்க வேணாம்ப்பா" என்றாள் மகள். "இருந்தீங்கன்னா நான் அவங்க முன்னால வர மாட்டேன்."

கையை ஓங்கினேன். அவள் நகரவில்லை. டீ குடித்துவிட்டு வந்த பெயிண்டர் வாசலிலேயே நின்றுவிட்டார். கையை இறக்கினேன். மனம் திருந்தி அல்ல, வெளியாள் பார்க்கிறாரே என்றுதான்.

ஞாயிறன்று கொட்டாம்பட்டியில் தம்பி வீட்டில் இருந்தேன். மதியம் மனைவி போன் செய்தாள். சம்பந்தம் முடிவாகிவிட்டது. அப்பா எங்கே என்று கேட்டார்களாம், அவசர வேலையாக வெளியூர் போயிருக்கிறார் என்று சொன்னாளாம்.

"கல்யாணத்தன்னைக்கும் நீங்க வேணாமாம். சித்தப்பாவும் சித்தியும் முன்ன நிக்கட்டும்ங்குறா" என்றாள்.

போனை ஓங்கி எறிந்தேன். தம்பியின் சின்ன மகள் சாப்பாட்டுத் தட்டை அப்படியே விட்டுவிட்டு அவள் அம்மாவின் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள்.