ரப்பர் வேண்டாம் என்ற பெமிலா

சொல்லாமல் கொள்ளாமல் பிரேக் பிடிப்பாள் பெமிலா. பின்னால் வரும் பஸ் அலறும். திரும்பிப் பார்க்க மாட்டாள். ஸ்கூட்டரைக் குலசேகரம் சாலையோரம் சாய்த்துவிட்டு, வேங்கை மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் வட்ட விதைகளைப் பொறுக்கிப் பைக்குள் போடுவாள். வேதபுத்தகமும் அதே பையில்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாட்டுக்கு எழுந்து நின்றால் மடியிலிருந்த பை சாய்ந்து விதைகள் சிதறும். பக்கத்துப் பெண்கள் காலால் ஒதுக்கித் தருவார்கள்.

இத்தனைக்கும் அவள் தொழில் ரப்பர் தை, அதாவது கன்று, விற்பது. ஒட்டுக் கட்டிய கன்றுகளுக்கு அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் ஆள் வரும். "இந்தப் பக்கத்துல நிக்க ரப்பர்ல பாதி எனக்க கையால போனதாக்கும்" என்பாள்.

மலைச்சரிவில் அவளுடைய சர்ச் சபைக்கு ஒரு ரப்பர் தோட்டம் இருந்தது. பால் வற்றிய மரங்களை மொத்தமாக வெட்டி லாரியில் ஏற்றினார்கள். அந்த மழையிலேயே வெறுஞ்சரிவு இளகி இறங்கி, கீழே வாழை பயிரிடும் கிருஷ்ணமணியின் அடுக்களைச் சுவரைத் தள்ளிவிட்டது. வீட்டில் யாரும் இல்லாதது நல்லதாயிற்று.

மறுபடி ரப்பர் வைக்கச் சபைக் கமிட்டி கூடியபோது, தை பெமிலாவிடம்தான் வாங்குவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அவள் எழுந்து நின்றாள்.

"தை விக்கியவ நானாக்கும். எனக்கு நல்ல கோளு, நாலு காசு கிட்டும். ஆனாலும் செல்லுதேன், அங்க ரப்பர் வேண்டாம். ரப்பர் வச்சா ஒருநாள் திரும்பவும் மொத்தமா வெட்டணும். அண்ணைக்கும் மண்ணு இறங்கும். நம்ம காட்டு மரங்கள வைப்பம். அத யாரும் வெட்டண்டாம்."

செயலாளர் சத்தியநேசன் கண்ணாடியைக் கழற்றினார். "காடு வச்சா சபைக்கு என்ன கிட்டும் பெமிலா?"

"கீழ இருக்க ஆளுவ உயிரோட கிட்டும்."

சிலர் சிரித்தார்கள். கிருஷ்ணமணியின் சுவரைப் போய்ப் பார்த்திருந்தவர்கள் சிரிக்கவில்லை. காட்டு மரம் வைத்து மூன்று வருடம் பார்க்கலாம் என்று முடிவாயிற்று.

அயினி, வேங்கை, மருது, ஞாவல் என்று ஊர் கூடி நட்டது. அடுத்த மழையில், ரப்பர் காலத்தில் களையை அடக்கப் போட்டிருந்த படர்கொடி திமிறிக்கொண்டு எழுந்து, சரிவு முழுவதையும் பச்சைப் போர்வையாக மூடிவிட்டது. ஒரு கன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை. பெமிலா நர்சரிக் கொட்டகையில் சாக்கின்மேல் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை.

நெற்றியில் நாமத்தோடு வெட்டுகத்தியைத் தூக்கிக்கொண்டு வந்தார் கிருஷ்ணமணி.

"எல்லாம் செத்துப்போச்சு அண்ணே."

"நீ போய்ப் பாத்தியா? பாக்காம எப்பிடிச் செல்லுக? எந்தி மக்கா."

சனிக்கிழமை அவருடைய சொந்தக்காரர்கள் வந்தார்கள். பாடகர் குழுப் பெண்கள் வந்தார்கள். மழையில் வேலை இல்லாத பால்வெட்டுக்காரர்களும் வந்தார்கள். கொடியை அறுத்துச் சுருட்டிச் சுருட்டித் தள்ளினார்கள். நெடுநேரம் ஒன்றும் இல்லை. திடீரென்று பாடகர் குழு ஜாஸ்பின் கத்தினாள்: "அக்கா! இஞ்ச ஒண்ணு உயிரோட கெடக்கு!" பிறகு மேலேயிருந்து ஒரு குரல், ஓடைப் பக்கமிருந்து ஒரு குரல். வெளுத்து, கோணி, வெயிலைக் காணாத கன்றுகள். பெமிலா சேறு வழுக்க ஒவ்வொன்றிடமும் ஓடினாள். அழுதாளா என்று கேட்டால், "மழையாக்கும்" என்கிறாள்.

அன்றிலிருந்து சனிக்கிழமை என்றால் சரிவுதான். மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் கறியும் பெமிலா வீட்டுச் செலவு. பிந்தி வருகிறவர்களுக்குக் கறி உண்டு, மீன் இல்லை. கொடியை வேரோடு பிடுங்காமல் மேலாக அறுப்பவர்களைக் கண்டால், "முடி வெட்ட வந்தியா?" என்று கேட்பாள். ரப்பர் தை இப்போதும் விற்கிறாள்; வாங்க வருகிறவர்கள் தலையில் ஆளுக்கொரு அயினித் தையையும் கட்டிவிடுகிறாள்.

மூன்று வருடக் கெடு முடிந்து, போன மாதம் கமிட்டி சரிவைப் பார்க்க வந்தது. முந்தின நாள் கொட்டிய மழையில் ஓடை கலங்கியிருந்தாலும் சரிவில் ஒரு பிடி மண் இறங்கவில்லை. சத்தியநேசன் மேலும் கீழும் பார்த்தார். மூச்சு வாங்க ஒரு மருதைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இருக்கட்டு பெமிலா. இது இப்பிடியே நிக்கட்டு."

"செரி அண்ணே" என்றாள்.

எல்லோரும் சாப்பிட இறங்கினார்கள். அவள் மட்டும் தன்னைவிட உயரமாக நின்ற ஓர் அயினியின் அருகே பின்தங்கினாள். முட்டுக்கம்போடு அதைக் கட்டியிருந்த பழைய சேலைக் கிழிசலை அவிழ்த்தாள். கட்டு இறுகிய தடம் தண்டில் பதிந்திருந்தது. அந்தத் தடத்தைக் கட்டைவிரலால் மெல்லத் தேய்த்துவிட்டாள்.