ஏழாம் பயிற்சித்தாள்

வெங்காயத்திலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்தெடுப்பதில் அந்தப் பள்ளியில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. பொடியாக நறுக்கிய வெங்காயத்தில் உப்பும் சோப்புக் கரைசலும் சேர்த்து வெந்நீரில் வைப்பாள். வடிகட்டிச் சோதனைக்குழாயில் ஊற்றி, முதல் நாளே குளிரவைத்த ஸ்பிரிட்டைக் குழாயின் சுவரோரமாக வழியவிடுவாள். சற்று நேரத்தில் வெள்ளை நூல் மெல்ல மேலே எழும்பும். புதிதாக வரும் ஆசிரியர்கள் ஸ்பிரிட்டைக் குளிரவைக்க மறந்துவிட்டு, நூலைக் காணோமே என்று குழாயை ஆட்டிக்கொண்டிருப்பார்கள். அவள் ஒன்றும் சொல்லாமல், தான் தயாராக வைத்திருக்கும் குழாயை எடுத்து நீட்டுவாள்.

மாணவர்களுக்கு அவள் ‘லேப் அக்கா’. பத்தாம் வகுப்பில் ஒரே ஒரு பாடத்தில் தோற்றாள், அது அறிவியல். பத்தொன்பது வயதில் ஆய்வகத்தில் கண்ணாடிச் சாமான் கழுவ வந்தவள், இருபத்தோரு வருடத்தில் நான்கு உயிரியல் ஆசிரியர்களைப் பார்த்துவிட்டாள். கழுவுதொட்டியருகே நின்றபடி நான்கு பேரிடமும் ஒரே பாடத்தைக் கேட்டாள். நெட்டைப் பட்டாணியையும் குட்டைப் பட்டாணியையும் கலந்தால் பேரன் தலைமுறையில் மூன்றுக்கு ஒன்று வரும் என்பதை, கட்டம் போட்டுக் காட்டுமளவுக்குத் தெரிந்துகொண்டாள். ஒரு புட்டியில் லேபிள் கோணலாக இருந்தாலும் உரித்துவிட்டுப் புதிதாக ஒட்டுவாள்.

மரபியல் பாடத்துக்கென்று ஒரு பயிற்சித்தாள் உண்டு, எண் ஏழு. இரண்டாவதாக இருந்த ஆசிரியர் தட்டச்சு செய்தது. ‘உன் வீட்டில் யார் யாருக்கு நாக்கைக் குழல்போல் மடிக்க வரும்?’ என்று கேட்டு, கட்டங்கள் போட்டிருக்கும். அடியில் விதி: பெற்றோர் இருவருக்கும் வராவிட்டால் பிள்ளைக்கும் வராது. பதினாறு வருடமாக, வருடத்துக்கு நாற்பது என்று நகல் எடுத்து மேசை மேசையாக வைத்தவள் அவள்தான். தன் வீட்டுக்கென்று ஒரு தடவையும் அதை நிரப்பிப் பார்த்ததில்லை.

இந்த வருடம் அவள் மகள் அந்தப் பாடம் வரும் வகுப்புக்கு வந்தாள். வீட்டில் சிரித்துக்கொண்டே மூவரும் நாக்கை நீட்டினார்கள். அம்மாவுக்கு வரவில்லை. பஸ் பட்டறையில் டிங்கர் வேலை செய்யும் அப்பாவுக்கும் வரவில்லை. மகளுக்கு மட்டும் அழகாக மடிந்தது. கண்ணால் கண்டதை அவள் அப்படியே எழுதிக்கொண்டு போனாள்.

ஆசிரியர் அவளைக் கூப்பிட்டுக் கரும்பலகையில் வரையச் சொன்னார். வரைந்து முடித்ததும் கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் கேட்டான்: “அப்ப இவ அப்பா யாரு சார்?”

வகுப்பே சிரித்தது. “டி.என்.ஏ. டெஸ்ட் எடுத்துரலாம் சார்” என்றான் இன்னொருவன். ஆசிரியர் சிரிப்பை மீசைக்குள் அடக்கிக்கொண்டு, “சரியாப் பாத்து எழுதிட்டு வாம்மா” என்று அவளை உட்காரச் சொன்னார். கழுவுதொட்டியருகே தாய் நின்றிருந்தாள். கையிலிருந்த பீக்கர் விழவில்லை. இத்தனை வருடத்தில் அவள் உடைத்தது மூன்றே மூன்று. துடைத்து, அடுக்கில் கவிழ்த்து வைத்தாள். காது மட்டும் கொதித்தது.

மாடியில் குடியிருந்த கணவனின் அண்ணன், மகள் வீசி எறிந்த தாளை எடுத்துக் கண்ணாடி மாட்டிக்கொண்டு இரண்டு முறை சத்தமாகப் படித்தார். பள்ளிக்கூடத்தில் கொடுக்கிற தாளில் பொய்யா எழுதியிருப்பார்கள் என்றார். சும்மா சொல்கிறேன் என்றும் சேர்த்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் கணவன் முகம் மழித்துக்கொண்டிருந்தான். பாதி முகத்தில் நுரை. கண்ணாடியில் நாக்கை நீட்டி, இரண்டு விரலால் ஓரங்களை அழுத்தி மடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தான். பின்னால் அவளைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டான். பதினேழு வருடக் குடித்தனத்தில் அவன் கையோங்கியதில்லை, குடித்ததில்லை. அதையெல்லாம் அந்த நாக்கு தின்றுவிட்டது.

மூன்றாம் நாள், செருப்பைத் தேடுகிறவன்போல் குனிந்துகொண்டு பேசினான். “ஒரு டெஸ்ட் எடுத்துட்டா அண்ணன் வாய அடைச்சிரலாம். உன்மேல சந்தேகம்லாம் இல்ல.”

“அவர் வாய அடைக்க என் பிள்ளை ரத்தம் குடுக்கணுமா?”

“கோவப்படாம கேளு.”

“டெஸ்ட் எடுங்க. நீங்கதான் அப்பான்னு வரும். வர்ற அன்னிக்கு நானும் அவளும் இந்த வீட்ல இருக்க மாட்டோம். ரெண்டையும் சேத்து யோசிச்சுக்கோங்க.”

அவன்மேல் பாதிக் கோபம்தான். மீதி தன்மேல். அறுநூற்று நாற்பது வீட்டுக்கு அந்தத் தாள் அவள் கையால் போயிருக்கிறது. எத்தனை பேர் கண்ணாடிமுன் நாக்கை நீட்டினார்களோ, எந்தப் பிள்ளை எதை மாற்றி எழுதித் தப்பித்ததோ.

ஆனால் ஆய்வகப் பழக்கம் விடவில்லை. புட்டிக்குள் இருப்பது என்னவென்று நிச்சயமாகத் தெரிந்தால், ஒத்துப்போகாத லேபிள்தான் தப்பு. தாள்தான் தப்பு. அதை மற்றவர்கள் கண்ணுக்குக் காட்டுவது எப்படி? அவள் வாய்ச்சொல் எந்தக் கட்டத்திலும் நிற்காது. டி.என்.ஏ. ஒன்றாகவே இருந்தும், ஒருவருக்கு மடிந்து மற்றவருக்கு மடியாத இருவர் வேண்டும். ஒரே கரு இரண்டாகப் பிரிந்தால் டி.என்.ஏ. ஒன்றான இரட்டையர் பிறப்பார்கள் என்று நான்கு ஆசிரியர்களும் சொல்லியிருக்கிறார்கள்.

எட்டாம் வகுப்பில் அப்படி அக்கா தங்கை இருந்தார்கள். குழாயடியில் நிறுத்தி நாக்கை நீட்டச் சொன்னாள். இருவருக்கும் மடிந்தது. தையல்கடை அண்ணன் தம்பி இருவருக்கும் மடியவில்லை. நான்காம் நாள், ஆய்வக ஜன்னலுக்குக் கண்ணாடி வெட்டித் தரும் கடைக்குப் போனாள். கடைக்காரர்கள் இரட்டையர். ஒரே நஞ்சுக்கொடியில் பிறந்தவர்கள் என்று அவர்கள் அம்மா எல்லோரிடமும் சொல்லுவாள். அண்ணன் முகத்தைக் காட்டினால் தம்பியின் போன் திறக்கும். அண்ணன் நாக்கு குழலாக மடிந்தது. தம்பி நாக்கு தோசைக்கரண்டிபோல் தட்டையாகவே கிடந்தது.

“நாப்பது வருஷமா இத எங்கிட்ட மறைச்சிட்டான் பாருங்கக்கா” என்றான் தம்பி.

வெள்ளிக்கிழமை உயிரியல் வகுப்பு நடக்கும்போது இருவரையும் கூட்டிக்கொண்டு உள்ளே போனாள். வகுப்பில் அவள் வாய்திறந்து யாரும் கேட்டதில்லை.

“சார், இவங்க ரெண்டு பேருக்கும் டி.என்.ஏ. ஒண்ணுதானே?”

ஆசிரியர் இருவர் முகத்தையும் பார்த்தார். “ஒரே கருன்னா, ஆமா.”

“நாக்க நீட்டுங்க” என்றாள். நீட்டினார்கள். முதலில் சிரிப்பு எழுந்தது, பிறகு ஒவ்வொரு பெஞ்சாக அடங்கியது. மகள் மட்டும் தலை நிமிரவில்லை.

ஆசிரியர் சாக்பீஸை மேசையில் வைத்தார். “ஒரே ஒரு மரபணு மட்டும் தீர்மானிக்கிற விஷயம் இல்ல இது. காலேஜ்லயே சொன்னாங்க. பாடம் எளிமையா இருக்கட்டும்னு விட்டுட்டேன்.”

அவர் ஏதாவது மறுப்பார் என்றுதான் அவள் தயாராக வந்திருந்தாள். இதற்கு அவளிடம் தயாரிப்பு இல்லை.

“தெரியுமா சார்? தெரிஞ்சுமா எம்பொண்ணத் திரும்பப் பாத்து எழுதிட்டு வரச் சொன்னீங்க?”

அவர் கரும்பலகைப் பக்கம் திரும்பி, அந்த வாரப் பாடத்தின் அடியில் எழுதிவைத்திருந்த ஏழாம் தாளின் விதியைத் தன் கையாலேயே அழித்தார். மகள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, நீ எழுதியது சரி, தப்பு என்னுடையது என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். அவள் நிமிர்ந்தாள். கடைசி பெஞ்சுப் பையன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று மாலை நடந்ததை மகள் ஒன்றுவிடாமல் அப்பாவிடம் சொன்னாள், தம்பிக்காரன் நாக்கை நடித்தும் காட்டினாள். கணவன் நான்கைந்து நாளைக்குப் பிறகு சிரித்தான். பிறகு மனைவியைப் பார்த்து, “அதான் தெளிவாயிடுச்சே. டெஸ்ட்லாம் வேணாம்” என்றான்.

“எனக்கு என்னிக்கும் தெளிவாத்தான் இருந்துச்சு. உங்களுக்குக் கண்ணாடிக் கடைக்காரன் நாக்கு வேண்டியிருந்துச்சு.”

அவன் சிரிப்பு நின்றது.

ஏழாம் தாளின் மூலப் பிரதியை அவள் கிழிக்கவில்லை. கெட்டுப்போன ரசாயனப் புட்டிகளில் ஒட்டும் சிவப்பு லேபிளை அதன் நடுவில் ஒட்டி, ‘பயன்படுத்தாதே’ என்று எழுதி, அடுத்து வருகிற ஆசிரியர் முதலில் பார்க்கும்படி கோப்பில் மேலாக வைத்தாள்.

வீட்டில், கணவன் நாக்கை நீட்டிப் பார்த்த குளியலறைக் கண்ணாடியைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டாள். கணவன் இப்போது பட்டறையில், பழுதுக்கு வந்த பஸ்ஸின் பக்கக் கண்ணாடியில் முகம் மழிக்கிறான். கண்ணாடி எங்கே என்று அவன் இன்னும் கேட்கவில்லை. கேட்கட்டும் என்று அவள் காத்திருக்கிறாள்.