துணிக்கு ஏது ரத்தம்?

துணியில் விழுந்த கறையைவிட, அதைக் கொண்டுவருகிறவர் பேசும் இங்கிலீஷ்தான் பெரிய தொல்லை என்று உங்களுக்குத் தெரியுமா? லாண்டரியில் வேலை பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் கிராமத்துப் பள்ளியில் தமிழ் மட்டும் படித்தவள். அறுபதுகளில் சேலையூர் லாண்டரி ஒன்றில் துணி வாங்கி வைத்து, கறை எடுக்கும் வேலை. கைக்குழந்தைக்குக் கடைக்குள்ளேயே தூளி கட்டிக்கொள்ள முதலாளி விட்டார். இப்படி ஒரு இடம் போனால் வேறு எங்கே போவேன்?

ஸ்டெயின்

வந்த புதிதில் ஒரு டீச்சரம்மா, கையில் புடவையும் முகத்தில் அவசரமுமாக, ஸ்டெயின் போகணும் என்றார். என் காதில் ஸ்டேஷன் என்று விழுந்தது. ஊருக்குப் புதுசு போல, பாவம் என்று கடையை விட்டு இறங்கி, தாம்பரம் ஸ்டேஷன் பஸ் எங்கே நிற்கும் என்று கை நீட்டிக் காட்டினேன். புடவையை நான் பார்த்துக்கொள்கிறேன், போய் வாருங்கள் என்றும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, முந்தானையில் இருந்த காப்பிக் கறையை விரித்துக் காட்டினார்.

“நான் போக வேணாம்மா. இதுதான் போகணும்.”

பிளட் ரெட்

அடுத்தவர் ஆபீஸர் வீட்டம்மா. பிளட் ரெட் புடவை, பத்திரம் என்று சொல்லிப் போனார். பிளட் என்றால் ரத்தம் என்று அதற்குள் கற்றிருந்தேன். ரத்தக்கறைக்கு வெந்நீர் ஆகாது என்பதுதான் எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியுமே. பச்சைத் தண்ணீரில் ஊறப்போட்டேன். தண்ணீர் சிவந்துகொண்டே வந்தது. யாருக்கு என்ன ஆச்சோ என்று பதறிப்போய், சோப்புப் போட்டுத் தேய்த்துத் தள்ளினேன். புடவை வெளுத்துத் திட்டுத் திட்டாக நின்றது. இன்னொரு புகார் வந்தால் தூளியை அவிழ்த்துக்கொள் என்றார் முதலாளி. அந்த அம்மா சொன்னதுதான் அதைவிடச் சுட்டது.

“நல்லவேளை, பாட்டில் கிரீன் குடுக்கல. உடைச்சிருப்பே.”

பிளீடிங்

பிறகு, துணி ஏற்றுமதிக் கம்பெனி சார் ஒருவர் கட்டம் போட்ட சட்டையும், மகள் மாதா கோயிலில் புதுநன்மை வாங்கும்போது போட வேண்டிய வெள்ளை கவுனும் கொண்டுவந்தார். சட்டையைத் தொட்டு, இது பிளீடிங் மெட்ராஸ் துணி, ஜாக்கிரதை என்றார். பிளீடிங்! என் பிரசவத்தில் நர்ஸம்மா வாயிலிருந்து கேட்ட வார்த்தை. ஒன்றாவது தெரிந்ததே என்று பூரித்து, சட்டையை உள்ளும் புறமும் திருப்பி ரத்தம் தேடினேன். ஒரு சொட்டு இல்லை. நிம்மதியாக இரண்டையும் ஒரே தொட்டியில் போட்டேன்.

கவுன் தர்ப்பூசணி நிறத்தில் வந்தது. என்ன போட்டும் போகவில்லை. மறுநாள் கோயிலில் எல்லாப் பிள்ளைகளும் வெள்ளையில் நிற்கும். சார் முதலாளியை இங்கிலீஷில் கிழித்துக்கொண்டிருந்தார். முதலாளி ஒவ்வொன்றுக்கும் யெஸ் சார் போட்டுக்கொண்டிருந்தார். கூட வந்திருந்த சாரின் மனைவி மட்டும் கவுனை மடியில் வைத்துக்கொண்டு என்னிடம் தணிந்த குரலில் சொன்னார்.

“பிளீடிங்னா சாயம் போகும்னு அர்த்தம்மா. துணிக்கு ஏது ரத்தம்?”

ஆக, மூன்று இங்கிலீஷ் வார்த்தை படித்த கூலியாக நான் தூளியை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது, முதலாளி வாசலை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கிட்டே வந்து கேட்டார்: “போறதுதான் போற, அந்த பிளீடிங்னா இன்னான்னு எனக்கும் சொல்லிட்டுப் போம்மா.”