நாக்குலயா, கையிலயா?

குடிதண்ணீர் மெஷினும் வாட்டர் ஹீட்டரும் ரிப்பேர் செய்கிறவளுக்கு ஸ்பேனரைவிட முக்கியமான சாமான் காதுதான். மெஷின் பேசாது. வீட்டுக்காரர்கள் பேசுவார்கள், அதுவும் மெஷினைத் தவிர மற்ற எல்லாவற்றையும். பாளையங்கோட்டையிலிருந்து திசையன்விளைச் செம்மண் காடு வரைக்கும் ஸ்கூட்டரில் அலைகிற எனக்கு, எது கோளாறு, எது வெறும் புலம்பல் என்று பிரிப்பதிலேயே பாதி நாள் போய்விடுகிறது. ஸ்டூல்மேல் ஏறி நின்றபடி கீழேயிருந்து வருகிற யோசனைகளை எல்லாம் கேட்டு வாழும் என் இனத்தாரே, இது உங்களுக்காக.

மெக்கானிக் எங்க?

பாளையங்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடை அண்ணாச்சி. கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்தார், பிறகு என் தோளுக்கு மேலே தெருவைப் பார்த்தார். தெருவில் ஒரு மாடுதான் நின்றது. "மெக்கானிக் எங்க?" என்றார். "நாந்தான் அண்ணாச்சி" என்றேன். "சரிம்மா, உள்ள வந்து உக்காரு. அவரு பைய வரட்டும்" என்று ஃபேனைப் போட்டுவிட்டார். தங்கமான மனுஷர், காபிகூட வந்தது.

காபியைக் குடித்துவிட்டு நானே மெஷினைக் கழற்றி, ஃபில்டரை மாற்றி, மூடினேன். அதுவரைக்கும் அவர் வாசலுக்கும் அடுக்களைக்குமாக நடந்துகொண்டிருந்தார். ஒரு டம்ளர் பிடித்துக் கொடுத்தேன். வாயில் வைத்துக் குதப்பி, முழுங்கி, கொஞ்சம் யோசித்துச் சொன்னார்: "தண்ணி நல்லாத்தான் இருக்கு. மெக்கானிக்கும் வந்து ஒரு தடவ பாத்துட்டா இன்னும் நல்லா இருக்கும்."

ஆற்றுக்கு நேர்ந்த அவமானம்

ஆற்றங்கரையில் பிறந்து வளர்ந்தவர்களிடம் போய் மெஷின் தண்ணீர் குடியுங்கள் என்பது, அவர்கள் வீட்டுச் சாம்பாரில் உப்பில்லை என்று சொல்வது மாதிரி. குறுக்குத்துறைப் பக்கம் ஒரு வக்கீல் இருக்கிறார். வெளிநாட்டில் இருக்கிற மகன் மெஷின் வாங்கி மாட்டிவிட்டுப் போன நாளிலிருந்து, தாமிரபரணியை யாரோ அடித்துவிட்ட மாதிரி முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். "கண்ண மூடிட்டே சொல்லுவேன், எது ஆத்துத் தண்ணி, எது மெஷின் தண்ணின்னு" என்று என்னிடம் சவால் விட்டார். அவர் சம்சாரம் உள்ளே போய் இரண்டு டம்ளர் கொண்டுவந்தார்.

முதல் டம்ளரில் ஒரு வாய் குடித்ததும், "சீ, சவத்த! சப்புன்னு இருக்கு" என்று தள்ளிவிட்டார். இரண்டாவதைக் குடித்தபோது முகமெல்லாம் மலர்ந்தது. "இதுதாம்மா ஆறு. பொதிகை மூலிகை எப்படி மணக்கு பாத்தியா?" என்றார். மணக்கிறது என்று நானும் தலையாட்டினேன். கிளம்பும்போது அந்த அம்மா வாசல்வரைக்கும் வந்து என் காதில் சொன்னார்: "இன்னைக்குக் கொழாயில தண்ணி வரல. ரெண்டு டம்ளர்லயும் மெஷின் தண்ணிதான். அவுகட்ட சொல்லிராத, பாவம்."

சுருக்குங்குது

சிவகாமி டீச்சர் பாளையங்கோட்டையில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்காரர் சர்வேயராக வேலை பார்த்தவர், ஊருக்கே சர்வேயர் சார். ஓய்வுக்குப் பிறகு சாருடைய சொந்த ஊர் என்று திசையன்விளைக்கு வெளியே செம்மணலில் ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டு போனார்கள். அங்கே பூமிக்குள்ளிருந்து வருவது சுத்த உப்புத் தண்ணீர். சோப்பைப் போட்டால் நுரை வருவதற்குள் நமக்குக் கோபம் வந்துவிடும். ஆற்றுத் தண்ணீர் குழாயில் எப்போதாவது எட்டிப் பார்க்கும். அதனால் குடிக்க மெஷின், சாரின் முழங்கால் வலிக்கு வென்னீர் ஹீட்டர், இரண்டையும் மாட்டியவள் நான். இரண்டையும் அந்த உப்பு தின்னத் தின்ன மாற்றிக் கொடுப்பவளும் நானே.

ஒரு நாள் காலையில் டீச்சர் போன் பண்ணினார். "ஏ செல்வி, தண்ணி சுருக்குங்குதுளா." இந்த வார்த்தையை அந்தப் பக்கத்திலிருந்து ஓயாமல் கேட்கிறவள் நான். தண்ணீரில் உப்பு ஏறினால் நாக்கில் சுருக்கென்னும். அப்படியென்றால் மெஷினில் ஃபில்டர் போய்விட்டது, அவசரமில்லை, பைய போகலாம். ஆனால் கரண்டு அடித்தாலும் இங்கே ஜனங்கள் அதே வார்த்தையைத்தான் சொல்வார்கள். அதனால் யார் சுருக்கென்றாலும் ஒரு கேள்வி கேட்டுவிடுவது என் வழக்கம். "டீச்சர், நாக்குலயா, கையிலயா?"

"நாக்குல என்னத்துக்கு? காலைல நான் குளிக்கையில குழாயத் தொட்டா கையில சுருக்குன்னுச்சு. இப்ப அவுக குளிக்காவ."

"டீச்சர், போனக் கீழ வையுங்க, மெயினை அணையுங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரர் எழுந்து வந்துவிட்டார். ஸ்கூட்டரை விரட்டிக்கொண்டு போய்ப் பார்த்தால், சார் துண்டோடு உட்கார்ந்து, பாதிக் குளியலில் வென்னீர் நின்றுபோன கோபத்தில் இருக்கிறார். அப்பாடா என்றிருந்தது. ஹீட்டருக்குள்ளே தண்ணீரைச் சூடாக்குகிற காயில், உப்பும் சுண்ணாம்பும் அப்பி வெடித்துக் கிடந்தது.

காயிலை மாற்றிவிட்டு எலக்ட்ரீஷியன் ஜோசப் அண்ணனைக் கூப்பிட்டேன். கரண்டு கசிந்தால் தானாக விழுகிற சுவிட்ச் ஒன்றைக் கூடத்தில் மாட்டினார். பிறகு கொல்லைப்புறத்தில் எர்த் குழியைத் தோண்டிப் பார்த்தார். கசிகிற கரண்டு கம்பி வழியாக மண்ணுக்குள் இறங்குவதற்கு உண்டான குழி அது. அள்ளினால் மண் விரலிடுக்கில் பொடியாக உதிர்ந்தது. அண்ணன் கையைத் தட்டிவிட்டுச் சொன்னார்: "தெனமும் தண்ணி ஊத்தணும் டீச்சர். குழி காஞ்சு கெடந்தா கரண்டு மண்ணுல எறங்காது, குளிக்கிற ஆளுமேல எறங்கும்."

இருக்கியளா?

தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார். சொல்வது சுலபம். திசையன்விளையில் ஒரு வாளித் தண்ணீரைக் குழியில் ஊற்று என்றால், உனக்கென்ன கோட்டியா என்றுதான் கேட்பார்கள். டீச்சர் சில நாள் ஊற்றினார். கோடையில் போர்க் கிணறு கையை விரித்ததும் குழிக்கும் பட்டினிதான். ஆனால் பயம் மட்டும் போகவில்லை. ஹீட்டரைக் கழற்றி எறிந்துவிடலாம் என்றால் சார் சம்மதிக்கவில்லை. அவர் முழங்கால் வலி அந்த வென்னீரைத் தவிர வேறு எதற்கும் கேட்கவில்லை.

டீச்சர் ஒரு வழி கண்டுபிடித்தார். சார் குளிக்கப் போனதும் குளியலறைக் கதவுக்கு வெளியே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். "இருக்கியளா?" என்பார். உள்ளேயிருந்து "ம்" என்று வரும். சார் காட்டில் தனியாக அளந்து திரிந்த மனுஷர், பேச்சை அளந்தே செலவழிப்பவர். "ம் பத்தாது. பேசிக்கிட்டே குளிங்க" என்பார் டீச்சர். பேசச் சொன்னால் அவரும் என்னத்தைப் பேசுவார்? திட்ட ஆரம்பித்துவிட்டார். லேசில் நுரைக்காத சோப்பு, உப்புத் தண்ணீர், ஹீட்டர், ஜோசப் அண்ணன் என்று ஒன்று மிச்சமில்லை.

ஒரு நாள் காலையில் நான் போனபோது என் முறை நடந்துகொண்டிருந்தது. "அந்தச் செல்விக் கழுத மாட்டின குழாய் ஒண்ணாவது நேரா நிக்கா?" என்று உள்ளேயிருந்து முழக்கம். டீச்சரோ கையை மடியில் வைத்துக்கொண்டு, கச்சேரி கேட்கிற மாதிரி உட்கார்ந்திருக்கிறார். எனக்குச் சுருக்கென்றது, நாக்கிலும் இல்லை கையிலும் இல்லை. "டீச்சர், என்னையல்லா திட்டுதாவ?" என்றேன். டீச்சர் என் கையைப் பிடித்து அமர்த்தினார். "திட்டட்டும்ளா. சத்தம் நிக்காம வருதுல்லா, அது போதும் எனக்கு."

கறிவேப்பிலைக் கொலை

மெஷின் வைத்திருக்கும் எல்லா வீட்டிலும் ஒரு பஞ்சாயத்து உண்டு. நல்ல தண்ணீரை ஒரு குழாயில் கொடுத்துவிட்டு, பிரித்தெடுத்த உப்பையெல்லாம் கழிவுத் தண்ணீரில் சேர்த்து இன்னொரு குழாயில் தள்ளும். அதை வாளியில் பிடித்துத் தரை துடையுங்கள், பாத்திரம் கழுவுங்கள் என்று டீச்சரிடம் சொல்லியிருந்தேன். தண்ணீரைத் தரையில் கொட்ட மனசு வருமா? அவ்வளவையும் கறிவேப்பிலைக்கு ஊற்றிவிட்டார். பாளையங்கோட்டையிலிருந்து கன்றாகக் கொண்டுபோய்ப் பிள்ளை மாதிரி வளர்த்தது. இலை கருகி, குச்சியாக நின்றது.

"வாளா இங்கன, உன் மெஷின் செஞ்ச கொலையப் பாரு" என்று இழுத்துக்கொண்டு போனார். ஒரு கையில் கழிவுத் தண்ணீர் வாளி. உப்பு மிஞ்சினால் செடி தாங்காது டீச்சர் என்று நான் சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் திட்டுவதை நிறுத்திவிட்டார். பார்வை கொல்லை மூலையில் இருந்த எர்த் குழிமேல் போயிற்று. "செல்வி, இம்புட்டு உப்புத் தண்ணி ஊத்தினா அதுவும் கருகிருமா?" என்றார். எனக்கும் சட்டென்று தெரியவில்லை. அங்கே நின்றே ஜோசப் அண்ணனுக்குப் போன் போட்டேன். அவர் சிரித்த சிரிப்பு டீச்சருக்கே கேட்டது. குழி வெட்டும்போதே கரியும் உப்பும் கொட்டித்தான் மூடுவார்களாம், உப்புத் தண்ணீர் என்றால் அதற்கு விருந்தாம்.

டீச்சர் வாளியோடு போய், குழியில் மெதுவாக, சிந்தாமல் ஊற்றினார். மண் சுர்ரென்று உறிஞ்சியது. எட்டிப் பார்த்துவிட்டு, கறிவேப்பிலைக் குச்சியையும் ஒரு தடவை திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "நல்லாக் குடி. எம்பிள்ளையக் கொன்ன தண்ணி, எம்புருசனையாவது காப்பாத்தட்டும்."

நுரையோடு

அதற்குப் பிறகு தினமும் காலையில் குழிக்கு முதல் மரியாதை, பிறகுதான் சாருக்குக் குளியல். நாற்காலி மட்டும் இடத்தை விட்டு நகரவில்லை. மார்கழியில் ஃபில்டர் மாற்ற நான் போயிருந்தேன். நல்ல குளிர். உள்ளே சார் வழக்கம்போல வாழ்த்திக்கொண்டிருந்தார், வெளியே டீச்சர் வழக்கம்போலக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கூடத்தில் டப்பென்று ஒரு சத்தம். விளக்கு போயிற்று, மெஷின் நின்றது. குளியலறையில் திட்டும் நின்றது.

டீச்சர் எழுந்துவிட்டார். வாயைத் திறக்கிறார், "இருக்கியளா" என்ற வார்த்தை வரமாட்டேன் என்கிறது. அந்த முகத்தை நான் பார்த்திருக்கக் கூடாது. நான் ஓடிப்போய்க் கதவைத் தட்டத் தட்ட உள்ளே ஒரு சத்தமும் இல்லை. கடவுளே, கடவுளே என்று கதவை உதைக்கக் காலைத் தூக்கிவிட்டேன்.

"ஏலே, எந்த மூதி சுவிட்ச அணைச்சது? கண்ணு பூராச் சோப்பு! செம்பு எங்கன கெடக்குன்னு தெரியல, சவத்தெளவு!"

டீச்சர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். சிரித்தாரா அழுதாரா என்று என்னிடம் கேட்காதீர்கள், நானும் அதையேதான் செய்துகொண்டிருந்தேன். பிறகு ஹீட்டரைக் கழற்றிப் பார்த்தால் புதுக் காயிலும் வெடித்திருந்தது. கசிந்த கரண்டு கம்பி வழியாக ஈரக் குழிக்குள் இறங்கிவிட்டது, சுவிட்சும் அந்த நொடியே விழுந்துவிட்டது, சாருக்கு ஒரு சுருக்குகூட இல்லை. இதை நான் சொல்லி முடிக்கும்வரை சார் துண்டோடு, காதோரத்தில் நுரையோடு நின்று கேட்டார். நேரே கொல்லைக்குப் போய்க் குழிப் பக்கத்தில் நின்றார். நனைந்த மண்ணைப் பார்த்தார், பட்டுப்போன கறிவேப்பிலையைப் பார்த்தார், பக்கத்தில் கிடந்த காலி வாளியையும் பார்த்தார்.

ரொம்ப நேரமாக ஆளைக் காணோம் என்று டீச்சர் பின்வாசலுக்கு வந்தார். பழக்கம் விடுமா? "இருக்கியளா?" என்றார்.

சார் திரும்பினார். ம் என்று சொல்லவில்லை, திட்டவும் இல்லை. "இருக்கேன் சிவகாமி" என்றார்.

மறுநாள் காலையில் ஜோசப் அண்ணனையும் என்னையும் சார் பழையபடி நுரையோடு திட்டினாராம் என்று டீச்சர் சந்தோஷமாகப் போன் பண்ணிச் சொன்னார். ஆகையால் என் இனத்தாரே, நம் தொழிலில் வசவு வந்துகொண்டிருக்கிறவரைக்கும் எல்லாரும் சௌக்கியம்.