சாமிக் கூட்டமும் லெட்சுமியும்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் லெட்சுமியை ஏமாற்றியவர் எவரும் இல்லை. ஏமாற அவள் இடம் கொடுத்தால்தானே! கொழுந்து நிறுக்கும்போது தராசு முள்ளைக் குனிந்து பார்க்காமல் அவள் ஒரு நாளும் நகர்ந்ததில்லை. மீன்காரன் செவுளைத் தூக்கிக் காட்டினால் சாயம் பூசியிருப்பான் என்பாள். மழை வரும் என்று ரேடியோ சொன்னால் வெளியே வந்து நமுனுகுல மலையைப் பார்த்துவிட்டுத்தான் உடுப்பை எடுப்பாள்.

காரணம் இல்லாமல் இல்லை. அவளுக்குப் பதினாறு வயதில் அவளுடைய அண்ணன் என்ன ஏதென்று தெரியாமல் ஒரு கடதாசியில் கைநாட்டு வைத்தான். அது இந்தியா போகச் சம்மதிக்கும் கடதாசி. பெண்டாட்டி பிள்ளைகளோடு கப்பலேறிப் போனவனை அதற்குப் பிறகு அவள் பார்க்கவே இல்லை. அன்றிலிருந்து யார் சிரித்துக்கொண்டு வந்தாலும் முதலில் அவர் கையைத்தான் பார்ப்பாள்.

நான் றீட்டா, கத்தோலிக்கப் பெண். அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர், அதுவும் கூரை வரைக்கும் எட்டாத சுவர். அங்கே மிளகாய் வறுத்தால் இங்கே எனக்குத் தும்மல் வரும். வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் எனக்கு வேலை. போன வருஷம் அங்கேதான் அந்தக் கூட்டத்தைத் தொடங்கினோம். மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை, பின்னேரம் ஐந்து மணிக்கு. ஒரு மாதம் பக்கத்துக் கிராமத்துப் பன்சலையிலிருந்து ஹாமுதுரு, அதாவது புத்த பிக்கு, வந்து பௌர்ணமிப் போயா தினத்தைப் பற்றிச் சொன்னார். அடுத்த மாதம் பதுளையிலிருந்து அலவி மௌலவி வந்து நோன்பைப் பற்றிச் சொன்னார். கேட்கிறவர்கள் கேள்வி கேட்கலாம். முடிவில் ஒரு பிளேன்டீ, இரண்டு பிஸ்கட். தோட்டத்து ஆட்கள் அதற்குச் சாமிக் கூட்டம் என்று பேர் வைத்துவிட்டார்கள். தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்யும் தனுஜா, லெட்சுமியின் ஒரே மகள், ஒரு கூட்டமும் தவறவில்லை. ஹாமுதுரு சிங்களத்தில் பேசியதைத் தமிழில் சொன்னதே அவள்தான்.

“எல்லா மதத்தையும் காட்டி எந்த மதத்துக்கு இழுக்கப் போறீங்க?” என்று லெட்சுமி என்னைக் கேட்டாள்.

“ஒன்னுக்கும் இல்ல. தெரிஞ்சிக்கத்தான்.”

“தெரிஞ்சி?”

நான் கேத்தலைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போய்விட்டேன். அதுவும் அவள் கணக்கில் ஒரு குற்றமாகப் பதிந்திருக்கும்.

அந்த நேரம் பார்த்துத் தனுஜாவின் நெற்றி வெறுமையாகிவிட்டது. முதலில் சனிக்கிழமைகளில் பொட்டில்லை. பிறகு மற்ற நாட்களிலும் இல்லை. ஒரு வெள்ளிக்கிழமைகூட வெறும் நெற்றியோடு வந்தாள். லெட்சுமி வாயைத் திறக்கவில்லை. அவள் வழக்கம் அதுதான், கேட்க மாட்டாள், துப்புத் துலக்குவாள். மகள் குளிக்கப் போன நேரத்தில் கைப்பையைக் கொட்டிப் பார்த்தாள். பொட்டு அட்டை ஒன்று இருந்தது, ஒரு பொட்டுக்கூட உரிக்காமல். போதாதா?

அதோடு என் வீட்டுச் சாப்பாட்டையும் நிறுத்தினாள். நான் சுவருக்கு மேலே கொடுத்த பலாக்காய்க் கறியைக் கோழிக்குக் கொட்டியதை என் கண்ணால் பார்த்தேன். இருபத்தாறு வருஷம் ஒரே பீலிக் குழாயில் பிடித்த தண்ணீரைக் குடித்தவர்கள் நாங்கள். அவள் புருஷன் செத்தபோது மூன்று நாள் அவள் வீட்டுக்கு உலை வைத்தது நான். மந்திரம் போட்ட கறியாம்!

அவள் பயமும் எனக்குத் தெரியும். ஹல்துமுல்லையிலிருந்து தனுஜாவுக்கு ஒரு சம்பந்தம் வந்திருந்தது. பையனும் தாயும் ஒருமுறை வந்து பார்த்துப் போய், ஞாயிற்றுக்கிழமை பேசி முடிக்க வருவதாக இருந்தது. அதற்குள் மகள் மதம் மாறிவிட்டாள் என்றால் சம்பந்தமும் போகும், மகளும் போவாள். அண்ணன் போனது போல இவளும் போய்விடுவாள் என்று அவளுக்குள் ஒரு நடுக்கம்.

ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை கூட்டத்தில் என் முறை. கல்லறைத் திருநாளில் நாங்கள் ஏன் மெழுகுவர்த்தி கொளுத்துகிறோம் என்று சொல்லத் தொடங்கியிருந்தேன். லெட்சுமி குடையோடு உள்ளே வந்தாள். உட்காரவில்லை.

“எம்புள்ள நெத்தியில இருந்த பொட்ட எடுத்தது நீதானே? மரியாதையாச் சொல்லு!”

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அதுவரை என்னை நம்பியவர்கள்கூட ஒரு நிமிஷம் யோசித்தார்கள்.

“என் நெத்தியப் பாரு லெட்சுமி,” என்றேன். கத்தித்தான் சொன்னேன். “நானே பொட்டு வச்சிருக்கேன். நான் போயி அவ பொட்ட எடுப்பனா?”

“அது ஊர ஏமாத்த வச்சிருக்க!”

அப்போது தனுஜா எழுந்தாள். ஃபெக்டரியிலிருந்து நேரே வந்திருந்தாள், தலைமுடியில் தேயிலைத் தூசு.

“அம்மா, தூளு அரிக்கிற எடத்துக்கு என்னைய மாத்தி ரெண்டு மாசமாச்சு. அங்க பொட்டு, வளையல், தோடு ஒன்னும் போடக் கூடாது. தூளுக்குள்ள விழுந்தா வெளிநாட்டுக்காரன் மூட்டையோட திருப்பி அனுப்பிருவான். கேட்லயே பாத்துத்தான் விடுறாங்க. தெனம் ஒட்டி ஒட்டிப் பிய்க்க முடியாமத்தான் வைக்கிறதில்ல.”

“அத ஏன்டி எங்கிட்டச் சொல்லல?”

“நீங்க கேக்கலயே. பையக் கொட்டிப் பாத்தீங்க, கறியக் கோழிக்குப் போட்டீங்க, இங்க வந்து றீட்டா அத்தைய அசிங்கப்படுத்துறீங்க. எங்கிட்ட மட்டும் கேக்கல.”

லெட்சுமி மலைக்காரி, மலையில் கொழுந்து பறிக்கிறவள். ஃபெக்டரிக்குக் கொழுந்து போகும், அவள் உள்ளே போனதே இல்லை. குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே போனாள். நான் மெழுகுவர்த்திக் கதையை எப்படியோ சொல்லி முடித்தேன்.

வீட்டுக்கு வந்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம்கூட இல்லை. நாளைக்கு என் மேல் இன்னொரு பழியைக் கண்டுபிடிக்கிறாள் என்றுதான் நினைத்தேன். பொய் சொல்வானேன், காதைச் சுவரோடு வைத்துத்தான் நின்றேன். தனுஜா வந்து செருப்பைக் கழற்றிய சத்தம் கேட்டது. பிறகு லெட்சுமியின் குரல் வந்தது.

“அந்த ஹல்துமுல்லப் பையன ஒனக்குப் புடிச்சிருக்கா?”

தனுஜா தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டது.

“ஒங்கிட்டத்தான் கேக்குறேன்.”

“புடிக்கலம்மா.”

“எப்பருந்து?”

“வந்து பாத்த அன்னைக்கே.”

“வேற எவனாவது இருக்கானா?” அந்தக் கேள்வி இல்லாவிட்டால் அவள் லெட்சுமியே இல்லை.

“யாரும் இல்லம்மா. அந்தாளு பேசுன பேச்சே புடிக்கல.”

இனி வசவு வரும் என்று காத்திருந்தேன். போன் பொத்தானை அமுக்கும் சத்தம்தான் வந்தது.

“அக்கா, நான் லெட்சுமி பேசுறேன். நாளைக்கு நீங்க வர வேணாம்.” பையனின் தாய் என்னவோ கேட்டிருப்பாள். “இல்லக்கா, யாரும் கெடுக்கல. எம்புள்ளகிட்ட இன்னைக்குத்தான் கேட்டேன். அவளுக்கு விருப்பமில்ல.”