எடைமேடைக்காரரின் எடை

லாரிக்காரர்களுக்கு அவர் சிம்மசொப்பனம். எடைமேடையில் வண்டி ஏறியதும் ஜன்னல் வழியாக ஒரு பார்வை பார்ப்பார். எடையைக் கூட்டிக் காட்ட டிரைவரின் இருக்கைக்கு அடியில் கல் ஒளித்தவன், தொட்டியில் தண்ணீர் நிரப்பி வந்தவன், ஒருவனும் தப்பியதில்லை. ‘தராசு’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். தன் கண்ணில் மண்ணைத் தூவ இனிமேல்தான் ஒருவன் பிறக்க வேண்டும் என்று அவருக்குக் கொள்ளைக் கர்வம். அப்பேர்ப்பட்ட மனுஷன்தான், தொண்டையில் புற்றுநோய் வந்தபிறகு, ஆஸ்பத்திரித் தராசை ஏமாற்றினார்.

கதிர்வீச்சு தொடங்கியபோது தெம்பாகத்தான் இருந்தார். முகத்துக்கு அளவெடுத்து வலைபோல ஒரு முகமூடி செய்து, தலை அசையாதபடி அதை மேஜையோடு மாட்டிக் கதிர் பாய்ச்சினார்கள். போகப்போக வாயெல்லாம் புண். எச்சில் வற்றி, எதைத் தின்றாலும் இரும்பை நக்கியது போலிருந்தது. களைப்போ, தூங்கியும் தீராத களைப்பு. சட்டைப் பொத்தானைப் போடுவதற்குள் இரண்டு தடவை உட்கார்ந்துவிடுவார். சாப்பாடு இறங்காத உடம்பு தன் சதையையே தின்னத் தொடங்கியிருந்தது.

காத்திருக்கும் இடத்தில் பக்கத்து நாற்காலிக்காரர் ஒருநாள் ஒரு சேதியைக் காதில் போட்டார்.

“எடை குறைஞ்சா வைத்தியத்தைப் பாதியிலேயே நிறுத்திடுவாங்களாம்.”

மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பயந்த மனுஷனுக்கு வாய் வரவில்லை. அடுத்த வாரம் எடை பார்க்கும் நாளில், பழைய எடைக்கற்களைத் துணியில் சுற்றி, தொளதொளத்த சட்டைக்குள் இடுப்போடு கட்டிக்கொண்டு தராசில் ஏறினார். அதற்கடுத்த வாரமும் அப்படியே.

“எடை குறையவே இல்லையே! நல்லா சாப்பிடறீங்க போல” என்றாள் நர்ஸ்.

மனைவிக்குத்தான் மனசு ஒப்பவில்லை. “அரை டம்ளர் பால் உள்ள போகல. எடை மட்டும் எப்படிங்க அப்படியே இருக்கு?”

“வைத்தியம் வேலை செய்யுது, விடு.”

முகமூடி காட்டிக்கொடுத்தது. அதை மாட்டிய பெண், “ஐயா, முகமூடிக்கும் கன்னத்துக்கும் நடுவுல என் விரலே நுழையுதே!” என்று கையை எடுத்துவிட்டாள். சட்டையைக் கழற்றச் சொல்லி, வெறும் ஆஸ்பத்திரி அங்கியோடு தராசில் நிறுத்தினார்கள். எண்ணைப் பார்த்த மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

மருத்துவர் கோபப்பட்டிருந்தால்கூட அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

“முன்னாடியே தெரிஞ்சிருந்தா, மூக்கு வழியா குழாய் போட்டு சத்து கொடுத்திருப்போம். சிகிச்சை ஓடிக்கிட்டே இருந்திருக்கும். இப்ப உடம்புல ஒண்ணுமே மிச்சமில்ல. இதுக்குமேல கதிரைத் தாங்காது. நிறுத்தித்தான் ஆகணும்.”

“அந்தக் கட்டி?” மனைவி கேட்டாள்.

“பாதிதாம்மா சுருங்கியிருக்கு. நாம நிறுத்தினா அது சும்மா இருக்காது.”

வாழ்நாளெல்லாம் சின்ன விஷயத்துக்கும் அவரை வறுத்தெடுத்தவள், அன்று குனிந்து அவர் காலில் செருப்பை மாட்டிவிட்டாள். திட்டித் தொலைக்க மாட்டாளா என்று அவர் நெஞ்சு தவித்தது. எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை.

“நாளைக்கு வழக்கமான நேரத்துக்கே வந்துடறேன் டாக்டர். முகமூடியை மட்டும் கொஞ்சம் இறுக்கிடுங்க” என்றார், கெஞ்சுகிற குரலில்.

மருத்துவர் அவர் மனைவியைப் பார்த்தார். அவள்தான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

“நாளைக்கு நாம வர வேண்டாங்க.”