திருவிருந்து நாளில் அப்பாவின் வயிற்றுவலி

சைதாப்பேட்டையில் எங்கள் சபைக்குத் திருவிருந்துக்கென்று ஒரே ஒரு வெள்ளிக் கிண்ணம்தான் இருந்தது. மாதத்தின் முதல் ஞாயிறன்று பெரியவர்கள் பீடத்துக்கு முன்னால் வரிசையாக முழந்தாளிடுவார்கள். போதகர் திராட்சரசக் கிண்ணத்தை ஒருவர் உதட்டில் வைத்து, விளிம்பை வெள்ளைத் துணியால் துடைத்து, அடுத்தவருக்குக் கொடுப்பார். ஒரே கிண்ணம், ஒரே குடும்பம் என்று அடிக்கடி சொல்லுவார்.

முன்பெஞ்சுக்காரர்கள் முதலில் போவார்கள். கடைசிப் பெஞ்சில் உட்காரும் ஒரு குடும்பம் கடைசியில் போகும். அந்த வீட்டுக்காரர் கார்ப்பரேஷனில் சாக்கடைக் குழிக்குள் இறங்கி அடைப்பு எடுப்பவர். முன்னால் இடம் காலியாக இருந்தாலும் அவர்கள் வரமாட்டார்கள். வாங்க என்று யாரும் கூப்பிட்டதும் இல்லை. வாசல் காற்றுக்காக அங்கே உட்காருகிறார்கள் என்று நான் நினைத்திருந்தேன்.

எனக்கு எட்டு வயதானபோது அவருடைய மகளுக்குத் திடப்படுத்தல் நடந்தது. பேராயர் தலையில் கைவைத்து ஜெபித்துவிட்டால், அன்றிலிருந்து திருவிருந்து எடுக்கலாம். அன்று ஒருநாள் மட்டும் புதியவர்களுக்குத்தான் கிண்ணம் முதலில். வெள்ளைச் சேலை கட்டிய அந்த அக்கா குடித்த பிறகுதான் மற்ற எல்லோரும் குடிக்கவேண்டும்.

அன்றைக்கென்று பார்த்து சபையில் நிறையப் பேருக்கு உடம்பு சரியில்லை. ஒருவருக்குத் தலைசுற்றல், ஒருவருக்கு முழங்கால் வலி. அப்பாவும் எழுந்திருக்கவில்லை.

“நீ போவலியாப்பா?”

“வயித்த வலிக்குதுடா. சும்மா இரு.”

அம்மா அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தனியாக எழுந்து போனாள்.

திரும்பி வரும்போது அந்த அக்கா, உட்கார்ந்தே இருந்த எங்களையெல்லாம் ஒருமுறை பார்த்தாள். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஆராதனை முடிந்ததும் அவளுடைய அப்பா வாசலில் மிட்டாய்த் தட்டோடு நின்றார். பெரியவர்கள் அவசர வேலை இருப்பதுபோல் தாண்டிப் போனார்கள். நான் ஓடிப்போய் இரண்டு எடுத்தேன்.

“உங்கப்பாவுக்கும் ஒண்ணு எத்துக்க நைனா.”

“அப்பாக்கு வயித்து வலி அங்கிள். அதான் திருவிருந்துக்குக்கூட வரல.”

அவர் முகம் மலர்ந்துவிட்டது. மகள் பக்கம் திரும்பினார். “கேட்டியா? சாருக்கு ஒடம்பு சரியில்லியாம். நீ இன்னாடான்னா மூஞ்ச தூக்கி வச்சிக்கினு கீறே!”

சாயந்திரம் அந்த அக்காவும் அவளுடைய அப்பாவும் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். அதற்கு முன்பு அவர்கள் வந்ததே இல்லை. அக்கா கையில் ஒரு பாட்டில் இருந்தது.

“தோத்திரம் சார். ஓமத் தண்ணி. பாப்பாதான் காச்சிச்சு. குழில எறங்கிட்டு வந்தா எனுக்கும் வயிறு பொரட்டும், இதான் கேக்கும்.”

அப்பா எழுந்தார். அம்மாவைப் பார்த்தார். அம்மா டம்ளரை எடுத்து வந்து அக்காவிடம் கொடுத்தாள். அக்கா ஊற்றி, இரண்டு கையாலும் நீட்டினாள். அப்பா கொஞ்ச நேரம் டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வாங்கி ஒரே மூச்சில் குடித்தார். கண் கலங்கிவிட்டது.

“ரொம்பக் காரமா சார்?” என்று அக்கா பயந்துபோய்க் கேட்டாள்.

“இல்லம்மா” என்றார் அப்பா.

அக்கா சிரித்துப் பேசிக்கொண்டே தெருமுனை திரும்பினாள். நான் சொல்லித்தானே மருந்து வந்தது என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்பா மட்டும் சுவரைப் பார்த்தபடி அப்படியே நின்றிருந்தார். வலி இன்னும் நிற்கவில்லைபோல என்று எண்ணி, பாட்டிலில் மீதி இருந்ததையும் ஊற்றிக் கொண்டுபோய் நீட்டினேன்.

அதையும் வாங்கிக் குடித்தார்.